வால் இல்லாத குருவி

9 டிசம்பர் 1957, திங்கள்.
நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. முகமூடிக்காரன் வேலிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது மாலை 5.45 என்று எழுதியிருக்கிறேன். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்திப் போகிறது என்பதை இன்று வானொலி நேரத்தோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுகொண்டேன். ஆகவே 5.40 என்று திருத்திக்கொள்ள வேண்டும். வால் இல்லாத குருவி இன்றும் வரவில்லை.

எழுதிப் பேனாவை மூடிய பிறகும் கோகிலாவுக்கு மனம் ஆறவில்லை. கடிகாரம் நேற்றிலிருந்துதான் முந்துகிறதா, இல்லை போன வாரமெல்லாம் முந்திக்கொண்டுதான் இருந்ததா? ஏழெட்டுப் பக்கம் பின்னால் புரட்டி, ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள். அண்ணன் தியாகு அதைப் பார்த்துவிட்டால் போதும். குழம்பில் உப்புப் போட்டாயா என்று கேட்டால்கூட நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் இவள் பதில் சொல்வாள் என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிவான்.

கோகிலாவுக்கு இருபது வயது. காஜா பெராங்கில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது அவர்களுடையது. அம்மா சிவகாமசுந்தரி, தியாகு, அவள் என்று மூன்று பேர். பகலெல்லாம் தையற்கடைக்காகச் சட்டைகளில் பொத்தான் துளை தைத்துக் கொடுப்பாள். மாலை ஆறரைக்குப் பட்டணத்தில் ஒரு கடை மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. மெர்டேக்கா என்கிற நாட்டுச் சுதந்திரம் வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அரசாங்க ஆபீஸ்களில் இனி நம்மாட்களையும் எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வகுப்பில் சேர்ந்த முதல் நாளே வாத்தியார், தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள், கண்ணால் கண்டதை நேரத்தோடு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் பத்து நாளில் விட்டுவிட்டார்கள். கோகிலா பதினொரு மாதமாக நோட்டையும் விடவில்லை, ஒரு நாள் வகுப்பையும் விடவில்லை.

தினம் ஒரு பக்கத்துக்கு என்னதான் எழுதுவது என்று திண்டாடியவளுக்குக் குருவிகள்தான் கை கொடுத்தன. ஆண்டு முடிவில் மழை பிடித்துக்கொண்டதும் அவை எங்கிருந்தோ வந்துவிடும். வடக்கே பனி கொட்டுகிற நாடுகளிலிருந்து குளிர் தாங்காமல் வருகின்றன என்று தியாகு எங்கோ படித்துச் சொன்னான். பொழுது சாய்ந்தால் பட்டணத்து மின்கம்பிகளில் இடம் பிடிக்கத் தகைவிலான்கள் முட்டி மோதும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் குருவி ஒன்று கொல்லை வேலிக் கம்பத்துக்குத் தினமும் வரும்; பெயர் தெரியாததால் அதற்கு முகமூடிக்காரன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். சாக்கடை ஓரமாக வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது வாலாட்டி.

மெர்டேக்கா கொண்டாட்டத்தைப் படம் பிடிக்கவென்று தியாகு வாங்கிய பெட்டிக் கேமரா, அந்த ஒரு நாளோடு அலமாரிக்குள் போயிருந்தது. கோகிலா அதை வெளியே எடுத்தாள். அந்தக் கேமராவுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. குருவி எட்டடிக்குள் வந்தால் படம் கலங்கிப்போகும். எட்டடிக்கு அப்பால் போனால் குருவி கடுகாகிவிடும். ஆகவே குருவி வந்து நிற்கிற இடத்திலிருந்து எட்டடி அளந்து, மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்து, ஷட்டர் கம்பியில் பொத்தான் நூலைக் கட்டி, அடுக்களைக்குள்ளிருந்து இழுப்பாள். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். ஒவ்வொன்றுக்கும் பிறகு திருகியைத் திருப்பி, முதுகுப்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மறந்தால் படத்தின் மேல் படம் விழும்.

இந்த நோட்டும் கேமராவும்தான் பக்கத்து வீட்டுப் பஷீராவின் கண்ணில் பட்டன.

பஷீரா பினாங்குப் பெண். பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அலி அக்பருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்து வருடம். மூன்று வயதில் முகம்மது என்றொரு பையன். அக்டோபர் மாதம் அவளுக்கு டைபாய்டு கண்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜுர வேகத்தில், கூரையில் கோழி முட்டையிடுகிறது, விழுந்து உடைவதற்குள் எடுத்து வையுங்கள் என்று நர்ஸைக் கெஞ்சியவள். வீட்டுக்கு வந்தபோது முடியெல்லாம் கொட்டி, மிச்சத்தையும் ஒட்ட வெட்டியிருந்தது. கொல்லை ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். உடம்பு தேறிக்கொண்டுதான் வந்தது. அப்போதுதான் ஒருநாள், வேலியோர ரம்புத்தான் மரத்தடியில் சருகுக் குவியல்மேல் ஒரு குருவி வருகிறது என்று அவள் சொன்னாள். இறக்கை நீலம், முதுகு பச்சை, வயிறு சந்தனம், அதற்கும் அடியில் குங்குமச் சிவப்பு. பறக்கவில்லையாம், கோழிக்குஞ்சு மாதிரித் தத்தித் தத்தி நடக்கிறதாம். வால் மட்டும் இல்லையாம்.

வால் இல்லை என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால்கூட வீட்டார் நம்பியிருப்பார்களோ என்னவோ.

மாமியார் ரோஷன் பீவி கெட்டவர் இல்லை. மூன்று வாரமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி சுமந்தவர் அவர்தான். ஆனால் கூரைக் கோழி போய் இப்போது தரைக் குருவி வந்திருக்கிறது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஓடித் திரிகிற பிள்ளை இருக்கிறது. இல்லாததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் இருக்கிற பிள்ளையைக் கவனிப்பாளா? புத்தி தெளியும்வரை பஷீரா பினாங்கில் தாய்வீட்டில் இருக்கட்டும், முகம்மது இங்கே இருக்கட்டும் என்று மகனிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். அலி அக்பர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் தேதி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பஷீரா கேட்டாள். தலையில் முக்காடு, கன்ன எலும்பு தெரிகிற முகம்.

“கோகிலா, உங்கிட்ட கேமராவும் இருக்கு, நோட்டும் இருக்கு. ஒரே ஒரு தடவ பாத்து எழுதிடு. நான் சொன்னா ஜுரம் பேசுதுங்கறாங்க. நீ சொன்னா கேப்பாங்க.”

“எப்ப வரும்க்கா?”

பஷீரா ஒரு கணம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “சாயங்காலம்” என்றாள்.

கோகிலாவுக்கு அது போதும். அவள் நோட்டில் சாயங்காலத்துக்கென்று ஒரு பத்தி ஏற்கெனவே இருந்தது. காலை 6.45 முதல் 7.15 வரை ஒரு காவல், மாலை 5.30 முதல் 6.05 வரை ஒரு காவல். அதன் பிறகு முகம் கழுவி, சைக்கிளை எடுத்தால்தான் ஆறரை வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. ஆனாலும் மாலை ஆறு ஐந்துக்கே காவலை விட்டு எழுந்துவிடுவாள். ஒரு நாள் கூடுதலாகப் பார்த்தால் மற்ற நாட்களோடு ஒப்பிட முடியாதே என்று. அதுவும் ஒரு முறைமை என்றுதான் நினைத்திருந்தாள்.

இரண்டாம் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதி வரை முகமூடிக்காரன் வந்தது, வாலாட்டி வந்தது, மைனா வந்தது. மூன்று படம் எடுத்தாள். ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் ‘வால் இல்லாத குருவி வரவில்லை’ என்று எழுதினாள்.

பதினாறாம் தேதி காலை கடைக்குக் கிளம்பிய அலி அக்பர், வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். அதிகம் பேசாத மனிதர். கோகிலா எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாக, கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தார். முதல் நாலைந்து பக்கங்களில் அவர் முகத்தில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது.

“பதினாலு நாளு. காலையிலயும் சாயங்காலமுமா. ஒரு நாளுகூட விடலயாம்மா?”

“விடலண்ணே.”

“அவ சொல்றது நெசமா இருந்துடக்கூடாதான்னு மனசுக்குள்ள ஒரு ஓரத்துல இருந்துச்சு.” நோட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். “எழுத்துலயே இருக்கறப்ப என்ன செய்யறது.”

அன்று மத்தியானமே செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமை காலை டம்பினுக்குக் கார், அங்கிருந்து ரயில். பஷீராவை அலி அக்பரே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். முகம்மதுவுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோகிலா வேலியோரம் காத்து நின்றாள். பஷீரா துணி காயப்போட வந்தவள், அவளைப் பார்த்தும் பாராததுபோல் கொடியில் ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டாள். கடைசித் துணி முகம்மதுவின் சின்னச் சட்டை. அதைப் போட்டபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“வரலன்னு எழுதிக் குடுத்துட்டியாமே.”

“நான் பாத்த நேரத்துல வரலக்கா.”

“நீ எப்ப பாத்த?”

“அஞ்சரையிலேருந்து ஆறே அஞ்சு வரைக்கும்.”

பஷீரா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “அது வர்றது மஃரிப் நேரத்துக்குடி. பாங்கு சொன்னப்புறம்.”

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பொழுது சாய்ந்ததும் வருகிற அந்தத் தொழுகை நேரத்தில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட வேண்டும், பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும், வெளியில் நடமாடுவது எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மாமியின் கண்டிப்பு. கணவன் பள்ளிவாசலில் இருப்பார். மாமி முன்னறையில் தொழுகையில் இருப்பார். சாத்திய அறைக்குள் பஷீராவுக்கு மூச்சு முட்டும். எல்லாரும் தொழுகிற அந்தக் கொஞ்ச நேரம் ஜன்னலை ஓசைப்படாமல் ஒரு சாண் திறந்து வைப்பாள். குருவி வருவது அப்போதுதான்.

“மஃரிப்ல ஜன்னலத் தொறந்தேன்னு தெரிஞ்சா, அதாலதான் புத்தி கெட்டுச்சும்பாங்க மாமி. அதான் சாயங்காலம்னு மொட்டையா சொன்னேன். நீயாச்சும் கேட்டிருக்கலாம். கண்ண மூடிக்கிட்டு ஊரே இல்லன்னு எழுதிட்டியே புள்ள.”

ஐந்து நிமிடத்துக்காகப் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி போட்ட கோகிலா, அரை மணி நேரத்தை மொத்தமாகக் கோட்டை விட்டிருந்தாள். அதைவிட மோசம், ஞாயிற்றுக்கிழமை. வீட்டில்தானே இருந்தாள்? ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தபோது அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவு நினைவுக்கு வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் முன்வாசலைத் திறந்து வைத்து, கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிடுவது அம்மாவின் வழக்கம். முன்னால் வருகிற லட்சுமி பின்னால் இறங்கிப் போய்விடக் கூடாது. ஆக, இந்த வீட்டில் ஒரு காரணம், அந்த வீட்டில் ஒரு காரணம். நாள் முழுக்கப் பாத்திரமும் பிள்ளையும் கோழியுமாக இரைகிற கொல்லை, இரண்டு வீட்டுக் கதவும் சாத்துகிற அந்த அரை மணி நேரம் மட்டும் ஓய்ந்து கிடக்கிறது. கூச்சமுள்ள குருவி வேறெப்போது வரும்?

அன்று வகுப்பில் வேகப் பரீட்சை. அதற்காக ஒரு மாதமாகப் பழகியிருந்தாள். போவதில்லை என்று தீர்மானித்தாள். அம்மாவிடம், கொல்லைக் கதவை இன்று மட்டும் திறந்து வைக்கலாமா என்று கேட்டாள்.

“விளக்கு ஏத்தற நேரத்துலயா? வர்ற மகாலட்சுமி அப்படியே நடந்து பஷீரா வீட்டுக்குப் போயிடுவா.”

“அங்க போனாத்தான் என்னம்மா.”

அம்மா முறைத்தாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கதவு சாத்தித்தான் இருக்கும். கோகிலா அதற்கு வெளியே இருப்பாள். குளியலறைச் சுவரோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரத்தில் அது மறுபடி விலகி, ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, கொளுத்திய கொசுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போயிற்று. புகை கண்டு குருவி மிரளுமோ என்று கோகிலா அதை அணைத்துவிட்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. முகமூடிக்காரன் கம்பத்தை விட்டு எழுந்து போயிற்று. தலைக்கு மேலே தகைவிலான்கள் பட்டணத்தைப் பார்க்கச் சாரை சாரையாகப் போயின. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அதற்கென்றே காத்திருந்ததுபோல வரிசை வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அப்புறம் ஓசையே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் கீல் ஒன்று மட்டும் மெல்லக் கிறீச்சிட்டது.

சருகுக் குவியலின் ஓரத்தில் இருட்டின் ஒரு துண்டு அசைந்தது. இரண்டு தத்து. நின்றது. மூன்று தத்து. நின்றது. நீண்ட கால், வெள்ளைத் தொண்டை, பின்பக்கம் வெட்டி விட்டதுபோல் வால் இல்லாத மொட்டை உடம்பு. சருகைப் புரட்டி எதையோ இழுத்தது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கி, கல்லாய் நின்றுவிட்டது.

அந்த வெளிச்சத்தில் சாதாரணமாக எடுத்தால் ஒன்றும் விழாது. ஷட்டரைத் திறந்தபடி வைக்கிற கம்பியை முன்பே இழுத்து வைத்திருந்தாள். நூலை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். எட்டு வரை எண்ண வேண்டும். ஐந்தில் குருவி இரண்டு தத்துத் தத்தியது. எட்டில் மறுபடி நூலை இழுத்து மூடினாள். குருவி வேலிக்கடியில் நுழைந்து போய்விட்டது.

உள்ளே வந்து விளக்கடியில் எழுதினாள்:

17 டிசம்பர். மாலை 6.42. வால் இல்லாத குருவியைப் பார்த்தேன். ரம்புத்தான் மரத்தடி, சருகுக் குவியல். தத்தி நடந்தது. தொண்டை வெள்ளை. இறக்கை கறுப்பாகத் தெரிந்தது. நீலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீலமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆகவே நீலம் என்று எழுதவில்லை. சிவப்பையும் பார்க்கவில்லை.

அதோடு விடவில்லை. இரண்டாம் தேதி முதல் பதினைந்தாம் தேதி வரை, பதினான்கு இடத்திலும் ‘வரவில்லை’ என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே ‘6.05க்குப் பிறகு நான் பார்க்கவில்லை’ என்று எழுதினாள்.

புதன்கிழமையும் வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்தாள், குருவி வந்தது, இன்னொரு படம் எடுத்தாள். வியாழன் காலை தியாகு பிலிமை ஸ்டூடியோவில் கொடுத்து, தங்கச்சியின் தலை போகிற காரியம் என்று சொல்லி, வெள்ளி மத்தியானத்துக்கே வாங்கி வந்துவிட்டான். படம் என்ன ஆகுமோ என்ற கவலையில் வியாழன் மாலையும் கோகிலா வகுப்புக்குப் போகவில்லை. உறையை அவளே பிரிக்கட்டும் என்று காத்திருந்தான். பிரித்தாள். தியாகு கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனான். செவ்வாய்க்கிழமை படத்துக்குப் பிறகு திருகியைத் திருப்ப மறந்திருக்கிறாள். இரண்டு நாள் குருவியும் ஒரே படத்தில் விழுந்திருந்தது. கறுப்புச் சருகு, அதன்மேல் நகத்தளவில் இரண்டு வெளுத்த கறை. ஒன்றில் தொண்டை என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

ஆனாலும் எடுத்துக்கொண்டு போனாள். ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டிருந்த அலி அக்பர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மூலையில் பஷீராவின் டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. முகம்மது அதன்மேல் ஏறி உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ரோஷன் பீவி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் பஷீரா நின்றாள்.

அலி அக்பர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது கல்லாக்கூட இருக்கலாமேம்மா.”

“இருக்கலாம்ணே” என்றாள் கோகிலா. வேறென்ன சொல்ல முடியும்? நோட்டைக் கொடுத்தாள்.

கோகிலா அடித்துத் திருத்தியிருந்த பதினான்கு வரிகளையும் அவர் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. போன வாரம் வரவில்லை என்று எழுதினாய், இந்த வாரம் பார்த்தேன் என்று எழுதுகிறாய், பஷீரா மேல் பாவப்பட்டு எழுதியிருந்தால் அதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன் என்றார். அந்தச் சொல் கோகிலாவை அடித்ததுபோல் இருந்தது. ஏனென்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரோஷன் பீவிக்கு எழுத்துப் படிக்க வராது. “என்னதான் எழுதியிருக்கு, சத்தமா படி” என்றார்.

அலி அக்பர் படித்தார். மணியைப் படித்ததும் பீவி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினார். “அந்த நேரத்துல நீ எப்படிப் பாத்தே?”

“ஜன்னலத் தொறந்து வச்சேன் மாமி. மூச்சு முட்டுச்சு.”

முகம்மது பெட்டியின்மேல் ஹாரன் அடித்தான். அலி அக்பர் மிச்சத்தையும் படித்து முடித்தார்.

“அந்த நீலத்த இன்னொருக்கா படி” என்றார் பீவி.

மகன் படித்தார். நீலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எழுதவில்லை. சிவப்பையும் பார்க்கவில்லை.

பீவி வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார். “பாவப்பட்டு எழுதறவ நீலம்னு எழுதியிருப்பா. செவப்பையும் சேத்து எழுதியிருப்பா” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “நீ பள்ளிவாசலுக்குப் போ. நான் இன்னிக்கு ஜன்னல்ல உக்காந்துட்டு அப்புறம் தொழுவுறேன். ராத்திரி இஷா தொழுகை வரைக்கும் நேரம் இருக்குல்ல.”

அன்று மாலை ஆறு இருபதுக்குக் கோகிலா சுவரோரம் உட்கார்ந்தாள். கேமராவில் பிலிம் இல்லை. பழக்கத்தால் டின்னின்மேல் வைத்திருந்தாள். ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பஷீராவின் மடியில் முகம்மது. ஒரு கையால் அவன் அரைஞாணைப் பிடித்திருந்தாள். அவன் எவ்வளவு நெளிந்தும் அந்தக் கை விடவில்லை.

பஷீரா மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கம்பத்துக் குருவி போகும். அது போயிற்று. இனித் தகைவிலான் வரும், முதலில் பத்துப் பதினைந்து, அப்புறம் கூட்டம். அப்படியே வந்தது. பாங்கு முடிந்ததும் சில நாள் கடைசி வீட்டுச் சாம்பல் பூனை கிணற்றடியில் தண்ணீர் குடிக்க வரும். மாமி, அது வந்தால் மட்டும் குருவி வராது. சாம்பல் பூனை வந்தது. தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுப் போகாமல், சருகுக் குவியல் பக்கமாகவே சுருண்டு படுத்துக்கொண்டது.

கோகிலாவுக்கு எழுந்து விரட்ட வேண்டும்போல் இருந்தது. விரட்டினாலும் இனிக் குருவி வராது. ஏழு ஐந்துவரை மூன்று பேரும் அந்தப் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பூனையும் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

பள்ளிவாசலிலிருந்து வந்த அலி அக்பர் ஜன்னலருகே நின்று, வந்ததா என்று கேட்டார். பஷீரா இல்லையென்று தலையசைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் காலையில் கார் ஏழு மணிக்கு என்றார்.

“காரை வேணாம்னு சொல்லிடு” என்றார் ரோஷன் பீவி.

“ஏன்மா?”

“பாக்காம எப்படி அனுப்பறது? இவளுக்கு எது எது எப்ப வரும்னு வரிசையாத் தெரிஞ்சிருக்கு. முப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், எனக்கு அந்தப் பூனைகூடத் தெரியல.”

“அந்தக் குருவி வரவேயில்லன்னா?”

“வராட்டி உக்காந்துக்கிட்டே இருப்போம்” என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று பீவி எழுந்தார். பஷீரா மகனின் தலைமேல் முகத்தைப் பதித்துக்கொண்டாள். கோகிலா கேமராவையும் டின்னையும் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கதவைத் தட்டினாள். முன்வாசலில் விளக்கு எரிந்து முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அம்மா தாழை நீக்கினாள்.

20 டிசம்பர் 1957, வெள்ளி.
மாலை 6.20 முதல் 7.05 வரை மூன்று பேர் பார்த்தோம். வால் இல்லாத குருவியைப் பார்க்கவில்லை. காரணம் சாம்பல் பூனையாக இருக்கலாம், உறுதியில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. திங்கள் அன்று வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லி, வேகப் பரீட்சையை மறுபடி எழுதக் கேட்க வேண்டும். நாளை புதுப் பிலிம் போட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு திருகியைத் திருப்ப வேண்டும். ஆறு மணிக்கே கடைசி வீட்டில் சொல்லி, பூனையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பஷீரா அக்கா ஜன்னல் கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட வேண்டும்.